‘இது யாரு தம்பி?’: பழைய வானொலிப் பாகங்களின் மறுவாழ்வு



மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து உங்கள் எல்லோருடைய கண்ணும் என்மேல் இல்லை. இந்த மேசைமேல் இருக்கிற மரப்பெட்டிமேல்தான் இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஐந்து வால்வு ரேடியோ இது. அறுபது வயதைத் தாண்டியது. முகப்பில் கண்ணாடி டயல், அதற்குமேல் ஒரு சின்ன ஜன்னல், நான்கு நாப்கள். இதை ஒரு ரேடியோ என்று சொல்கிறோம். ஆனால் இதன் வயிற்றுக்குள் நான்கு ரேடியோக்களின் உறுப்புகளும், திருவிழாவுக்குக் குழாய் கட்டிய ஒரு மைக்செட் ஆம்ப்ளிஃபையரின் உறுப்பும் சேர்ந்து வேலை செய்கின்றன. டயல் கண்ணாடி காயலான் கடையிலிருந்து வந்தது. ஸ்பீக்கர், கரையான் தின்ற பெட்டியிலிருந்து வந்தது. இன்று இது பாடுகிறது என்றால், அந்த உறுப்புகளை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் பாடுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதுதான். பழைய ரேடியோவுக்கு வேண்டிய பாகங்களை எப்படி அடையாளம் காண்பது? எதை எடுத்து இன்னொன்றில் பொருத்தலாம்? எதைப் பொருத்தவே கூடாது?

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்த பெரியவர் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் அங்கே போய் உட்காருவேன். பாகங்கள் கிடக்கிற தகர டப்பாவை என் முன்னால் கவிழ்த்துவார். ஒன்றை எடுத்துக் காட்டி, “இது யாரு தம்பி?” என்பார். ‘இது என்ன’ என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ‘யாரு’ என்றுதான் கேட்பார். “கண்டென்சர் ஐயா” என்பேன். “கண்டென்சர்னா ஊர்ல ஆயிரம் பேரு. இவரு யாரு? எங்க இருந்தாரு? என்ன வேலை பார்த்தாரு? இப்ப உடம்பு எப்படி இருக்கு?” இந்த நான்கு கேள்விக்கும் விடை சொல்ல முடியாத பாகத்தை அவர் எந்தச் செட்டிலும் பொருத்த விடமாட்டார். தூக்கிப் போடவும் விடமாட்டார்.

நண்பர்களே, நம் ஊரில் இந்தக் கேள்வி ஏன் இத்தனை கடினம் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்று ஒலிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1939 மே 16 அன்று, நம் திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கியது. அன்றைக்கு வீடுகளில் இருந்த செட்டுகள் பெரும்பாலும் கப்பலில் வந்தவை. இங்கிலாந்துச் செட்டு ஒரு வழக்கத்தில் குறிகளை எழுதியிருக்கும். ஹாலந்துச் செட்டு வேறு வழக்கம். ஜெர்மனிச் செட்டு முற்றிலும் வேறு. நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே செய்துவிட முடியும் என்று கோவை ஜி.டி. நாயுடு 1941-இல் அறிவித்தார். பின்னால் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. ஆக, ஒரு ஊர் ரேடியோ கடையின் தகர டப்பாவில் நான்கு நாட்டுப் பாகங்கள் கலந்து கிடக்கும். நான்கு மொழி பேசும் கூட்டம் அது. அந்த மொழிகளைக் கற்றால்தான் ‘இது யாரு’ என்ற கேள்விக்கு விடை வரும்.

முதலில் வால்வின் மொழியைப் பார்ப்போம். இதோ என் கையில் இருக்கிறதே, இதன் கண்ணாடிமேல் ஈ.சி.எச்.81 என்று எழுதியிருக்கிறது. இந்தப் பெயரை யாரோ மனம்போன போக்கில் வைத்துவிடவில்லை. ஐரோப்பிய வால்வுகளின் பெயர் ஒரு ஜாதகம். முதல் எழுத்து, இழையைச் சூடாக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று சொல்லும். ஈ என்றால் 6.3 வோல்ட். யு என்றால் 100 மில்லி ஆம்பியர். பி என்றால் 300 மில்லி ஆம்பியர். டி என்றால் பேட்டரி செட்டுக்கான 1.4 வோல்ட். அடுத்து வருகிற எழுத்துகள் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லும். சி என்றால் ட்ரையோடு. எச் என்றால் அலைகளைக் கலக்கிற ஹெப்டோடு. எஃப் பெருக்குகிறவர். எல் ஸ்பீக்கரை ஓட்டுகிற பலசாலி. இசட் இருபக்க மாறுமின்னோட்டத்தை ஒருவழியாக்குகிற ரெக்டிஃபையர். எம், நிலையம் சரியாகப் பிடிபட்டதா என்று ஒளியால் காட்டுகிற மேஜிக் ஐ. கடைசியில் வருகிற எண்ணின் முதல் இலக்கம் எந்த சாக்கெட் என்று சொல்லும். 3 என்றால் பெரிய எட்டுக்கால் ஆக்டல். 4 என்றால் ரிம்லாக். 8 என்றால் ஒன்பது ஊசி கொண்ட நோவல். 9 என்றால் ஏழு ஊசி.

இப்போது ஈ.சி.எச்.81-ஐ நீங்களே படியுங்கள். 6.3 வோல்ட், உள்ளே ட்ரையோடும் ஹெப்டோடும், கீழே ஒன்பது ஊசி. டேட்டா புத்தகத்தைத் திறக்காமலே பாதி ஜாதகம் கைக்கு வந்துவிட்டதா இல்லையா?

இந்த வால்வுக்கு அமெரிக்காவில் வேறு பெயர். அங்கே இவர் 6ஏஜே8. ஈ.எல்.84-க்கு அங்கே 6பிகியூ5. ஆள் ஒருவரே, பெயர்தான் இரண்டு. காயலான் கடையில் 6பிகியூ5 என்று எழுதிய வால்வைப் பார்த்து, “நமக்கு வேண்டியது ஈ.எல்.84 ஆச்சே” என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே கடையில் ஈ.எல்.84 வேண்டும் என்று போய் யு.எல்.84-ஐ வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் எழுத்தைப் பாருங்கள், அய்யா! யு.எல்.84-க்கு இழையில் 45 வோல்ட் வேண்டும். நம் செட்டு கொடுப்பது 6.3. அந்த வால்வு கண்ணைக்கூடத் திறக்காது.

இன்னும் நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு. ஈ.இசட்.80, ஈ.இசட்.81 இரண்டும் ரெக்டிஃபையர்கள். ஊசிகள் ஒரே இடத்தில். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தும். 80 கிடைக்கவில்லை என்று 81-ஐச் செருகினால் செட்டு பாடவும் பாடும். ஆனால் 80-இன் இழைக்கு 0.6 ஆம்பியர் போதும். 81-க்கு முழுதாக 1 ஆம்பியர் வேண்டும். அந்த மிச்சச் சுமையை யார் சுமப்பது? அறுபது வயதான டிரான்ஸ்ஃபார்மர் சுமக்க வேண்டும். வயதானவர் தலையில் மூட்டையை ஏற்றலாமா? டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்து, அதன் திறனைக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு செருகுங்கள்.

சரி, கண்ணாடிமேல் எழுத்தே இல்லாவிட்டால்? பழைய வால்வின் எழுத்து சந்தனப் பொட்டு மாதிரி. கட்டைவிரலால் ஒரு துடைப்புத் துடைத்தால் போய்விடும். அதனால் முதல் விதி, பழைய வால்வைத் துடைக்காதீர்கள். தூசி இருந்தால் இருக்கட்டும். எழுத்து மங்கிப் போன வால்வைச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வெளியே எடுங்கள். கண்ணாடிமேல் பனி படரும். எழுத்து இருந்த இடத்தில் பனி வேறு மாதிரிப் படியும். நின்று பார்த்தால் ஒரு கணம் பெயர் தெரியும். பென்சிலைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த கணம் மறைந்துவிடும். பிலிப்ஸ் குடும்பத்து வால்வுகளில் இன்னொரு வழியும் உண்டு. கண்ணாடியின் அடிப்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி தெரியும். மேல்வரி ஆர்-எக்ஸ் என்று தொடங்கினால் அது ஈ.எல்.84. கீழ்வரி எந்த ஆலை, எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த வாரம் என்று சொல்லும். கீழ்வரியின் முதல் எழுத்து பி என்றால் இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் பிறந்தது. பெட்டியில் வேறு நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருந்தாலும், பிறந்த ஊர் அடியில் பொறித்திருக்கும்.

உடல்நிலையை எப்படிப் பார்ப்பது? கண்ணாடியின் தலையில் அல்லது பக்கவாட்டில் வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பு இருக்கும். உள்ளே மிஞ்சியிருக்கும் காற்றைத் தின்பதற்காக ஆவியாக்கிப் பூசிய பேரியம் அது. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் வெற்றிடம் பத்திரமாக இருக்கிறது. பால் மாதிரி வெளுத்துவிட்டதா? காற்று உள்ளே போய்விட்டது. அந்த வால்வின் ஆயுள் முடிந்தது.

பேட்டரி செட்டு வால்வுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டி.கே.96 போன்ற வால்வின் இழை 25 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். தலைமுடியைவிட மெல்லியது. இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க, முள் காட்டுகிற பழைய மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்தால், அந்த மீட்டர் அனுப்புகிற மின்சாரமே இழையைப் பொசுக்கிவிடும். சோதித்த கையாலேயே கொன்ற கதை அது. டிஜிட்டல் மீட்டரில் பாருங்கள்.

அடுத்து கண்டென்சர். இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச வேண்டும். என்னைக் கேட்டால், பழைய ரேடியோவில் மிகப் பெரிய நாசத்தைச் செய்வது இந்தச் சின்னப் பொருள்தான்.

நான் தொழில் பழகிய காலத்தில், லால்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தம் கல்யாணத்துக்கு வந்த ரேடியோவைக் கொண்டுவந்தார். மாட்டுவண்டியில் வந்த சீர்வரிசை என்றார். சத்தம் கரகரவென்று வந்தது. பெரியவர் வெளியே போயிருந்தார். நான் கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல்.84-க்கு முன்னால் இருக்கிற கண்டென்சர் மெழுகு உருகி வழிந்து கிடந்தது. தகர டப்பாவில் அதே அளவு, 0.01 மைக்ரோ ஃபாரட், மெழுகு உடையாமல் சுத்தமாக ஒன்று கிடந்தது. அழகாக இருந்தது. எடுத்துப் பற்றவைத்தேன். கரகரப்பு போயிற்று. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அரைமணி நேரம் ஓடியிருக்கும். ஒரு நாற்றம் வந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் ஈ.எல்.84-க்குள் தகடு அடுப்புக் கரி மாதிரிச் சிவந்து நிற்கிறது. சுவிட்சை அணைப்பதற்குள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பி எரிந்து அறுந்துவிட்டது.

பெரியவர் வந்தார். திட்டவில்லை. நான் போட்ட கண்டென்சரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். “இது யாரு தம்பி?” என்றார். எனக்குப் பதில் இல்லை. எந்தச் செட்டிலிருந்து வந்தது என்று தெரியாது. அதன் உடம்பு எப்படி என்று நான் பார்க்கவில்லை. வெளியழகை மட்டும் பார்த்தேன்.

என்ன நடந்தது? அந்த இடத்துக் கண்டென்சரின் ஒரு பக்கம் நூறு வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். மறுபக்கம், ஈ.எல்.84-இன் கிரிட், பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஒலியை மட்டும் விட்டு, மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துகிற வாயிற்காவலர் இந்தக் கண்டென்சர். மெழுகுக் காகிதம் பல ஆண்டுகளில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காவலர் தூங்கிவிடுகிறார். சிறிது மின்னழுத்தம் கசிந்து கிரிட்டுக்குப் போகிறது. கிரிட் சில வோல்ட் உயர்ந்தாலும் போதும், வால்வு தாங்க முடியாத அளவுக்கு மின்சாரத்தை இழுக்கிறது. வால்வு சிவக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் எரிகிறது, ரெக்டிஃபையரும் கூடவே போகிறது. ஒரு சின்னக் காகிதச் சுருளுக்காக மூன்று விலைமதிப்பில்லாத பாகங்கள்!

ஆகவே சொல்கிறேன், எந்தப் பழைய செட்டிலிருந்தும் காகிதக் கண்டென்சரை எடுத்து இன்னொரு செட்டில் போடாதீர்கள். மாற்றி எழுத வேண்டாத விதி இது. அப்படியானால் அதைக் குப்பையில் போடலாமா? அதுவும் வேண்டாம். அதன் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாகச் சூடு காட்டினால் இரு முனையிலும் மெழுகு இளகும். உள்ளே இருக்கிற சுருளை இழுத்துவிட்டு, இன்றைக்குக் கிடைக்கிற 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சரை அதற்குள் நுழைத்து, அதே மெழுகால் வாயை மூடுங்கள். வெளியே பழைய லேபிள், பழைய முகம். உள்ளே புது உயிர். செட்டைத் திறந்து பார்ப்பவருக்குக் கண் உறுத்தாது. பெரிய அலுமினிய டப்பாவில் வருகிற எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கும் இதே வைத்தியம் செய்யலாம். அடிப்பக்கத்தை அறுத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுச் சின்னதாகக் கிடைக்கிற புதியவற்றை வைத்து மூடலாம்.

மைக்கா கண்டென்சர்கள் வேறு சாதி. சதுரமாக, பழுப்பு நிறமாக, நெற்றியில் வண்ணப் புள்ளிகளோடு இருக்கும். பெரும்பாலும் இன்றும் நல்ல நிலையில் இருக்கும். அளந்து பார்த்துத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பழைய ஜெர்மனிக் கண்டென்சரில் ‘500 செ.மீ.’ என்று எழுதியிருந்தால் திகைக்காதீர்கள். நீளத்தைச் சொல்லவில்லை. அந்தக் காலத்து அளவு அது. ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 1.1 பிகோ ஃபாரட்.

ரெசிஸ்டன்ஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இன்றைய ரெசிஸ்டன்ஸில் வண்ண வளையங்களை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். பழையதில் வளையமே இருக்காது. உடல் முழுக்க ஒரு வண்ணம், நுனியில் ஒரு வண்ணம், நடுவில் ஒரு புள்ளி. உடல், நுனி, புள்ளி என்ற வரிசையில் படிக்க வேண்டும். மஞ்சள் உடல், ஊதா நுனி, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 47,000 ஓம். வெப்பத்தில் சிவப்பு பழுப்பாகியிருக்கும், ஆரஞ்சு சிவப்பாகியிருக்கும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், ஒரு காலைக் கழற்றி மீட்டரில் அளக்க வேண்டும். பழைய கரி ரெசிஸ்டன்ஸ் வயதாக ஆகப் பெரும்பாலும் மேலேதான் ஏறும். 2,20,000 என்று எழுதியது 3,10,000 காட்டும். 20 சதவீதம்தான் ஏற்றத்தாழ்வுக்கு அனுமதி. அதைத் தாண்டியவரை வேலைக்கு எடுக்க வேண்டாம்.

காயில்களுக்கு வருவோம். வேறு எது போனாலும் புதிதாக வாங்கலாம், காயில் போனால் திண்டாட்டம்தான். அலுமினியக் குல்லாய்க்குள் இருக்கிற ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரை நம் மெக்கானிக்குகள் ஐ.எஃப்.டி. என்பார்கள். அதன் வேலையை நம் ஊர் நிலையத்தை வைத்தே விளக்குகிறேன். திருச்சி நிலையம் 936 கிலோ ஹெர்ட்ஸ். நீங்கள் டயலை அங்கே திருப்பும்போது, செட்டுக்குள்ளேயே 1391 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு சின்ன அலை பிறக்கிறது. இரண்டும் அந்த ஈ.சி.எச்.81-க்குள் கலக்கின்றன. வித்தியாசம் என்ன? 455. எந்த நிலையத்துக்குத் திருப்பினாலும் இந்த 455 மாறாது. அந்த ஒரே அலையை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வெளியே நிறுத்துவதுதான் ஐ.எஃப்.டி.யின் பணி.

இப்போது இன்னொரு செட்டிலிருந்து ஐ.எஃப்.டி. எடுக்கிறீர்கள். பிலிப்ஸ் செட்டுகள் பலவற்றில் அது 452. சில பிரிட்டிஷ் செட்டுகளில் 470. இவற்றின் நடுவில் இருக்கிற திருகை மெல்லத் திருப்பி 455-க்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் 1930-களின் செட்டுகள் சிலவற்றில் 110 முதல் 130-க்குள்தான் இருக்கும். அதை எவ்வளவு திருகினாலும் இங்கே வராது. குல்லாய் ஒரே மாதிரி இருக்கிறதே என்று பொருத்திவிடாதீர்கள். அந்தத் திருகையும் இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். மெழுகு இறுகியிருக்கும், ஃபெரைட் நொறுங்கிவிடும். கொஞ்சம் சூடு காட்டுங்கள், மூங்கிலையோ பிளாஸ்டிக்கையோ சீவித் திருப்புங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பெயரில்லாமல் கிடைத்தால் எப்படித் தெரிந்துகொள்வது? கணக்கு ஒன்றுதான். ஈ.எல்.84 எதிர்பார்ப்பது ஏறக்குறைய 5,200 ஓம். ஸ்பீக்கர் 4 ஓம். வகுத்தால் 1,300. அதன் வர்க்கமூலம் 36. அதாவது ஒரு பக்கச் சுற்று மறுபக்கத்தைவிட 36 மடங்கு இருக்க வேண்டும். சன்னக் கம்பியுள்ள பக்கத்துக்கு 20 வோல்ட் ஏ.சி. கொடுத்து, தடித்த கம்பிப் பக்கத்தை அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டினால் உங்களுக்கு வேண்டியவர் இவர்தான். தலைகீழாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தடித்த பக்கத்தில் 6 வோல்ட் கொடுத்தாலே மறுபக்கத்தில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் எழும்பும்.

டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருப்பவர்கள், நமக்கு ஒன்றும் இல்லையா என்று பார்க்கிறீர்கள். உங்களுக்கும் உண்டு. ஏ.எஃப்.117 என்று நான்கு கால் உள்ள ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் பல பழைய செட்டுகளில் இருக்கும். அதன் உலோகக் கூட்டுக்குள்ளேயே, பல ஆண்டுகளில், மயிரிழை மாதிரி மெல்லிய உலோக இழைகள் முளைக்கும். அவை கூட்டையும் உள்ளே இருக்கிற துண்டையும் தொட்டுவிடும். செட்டு ஊமையாகிவிடும். டிரான்சிஸ்டர் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவோம். செத்துப் போகவில்லை! கூட்டுக்குப் போகிற அந்த ஷீல்டு காலை மட்டும் வெட்டிவிட்டுப் பாருங்கள். பல நேரம் அப்படியே எழுந்து பாடும். பற்றவைக்கும்போது காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெர்மேனியம் சூடு தாங்காது.

இனி அழகுக்கான பாகங்கள். டயல் கண்ணாடியை, கை சும்மா இருக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்மார்களே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன், கழுவாதீர்கள். எழுத்துகள் பின்பக்கத்தில் வண்ணத்தால் அச்சிட்டவை. ஊரும் மீட்டரும் எல்லாம் தண்ணீரோடு போய்விடும். மீண்டும் வராது. எழுத்தில்லாத முன்பக்கத்தை மட்டும், ஈரமில்லாத மெல்லிய துணியால் துடையுங்கள். மற்றொன்று, நாப். நாபின் பக்கவாட்டில் ஒரு துளை, அதற்குள் ஒரு சின்னத் திருகு, அதன்மேல் மெழுகு இருக்கும். அந்த மெழுகு அழகுக்கா? உயிருக்கு! டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி.-டி.சி. செட்டுகளில் வீட்டு மின்சாரம் நேரே சேசிஸ் என்கிற உலோகச் சட்டத்தில் ஏறி நிற்கலாம். பிளக்கைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட்டும் அந்தத் திருகில் இருக்கும். வேறு செட்டின் நாபைப் பொருத்தினால் துளையை மெழுகால் அடைக்க மறக்காதீர்கள். யு எழுத்து வால்வுகளைப் பார்த்தாலே கையை இழுத்துக்கொண்டு யோசியுங்கள்.

எந்தச் செட்டாக இருந்தாலும், பல ஆண்டு கழித்து முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது நேரே கொடுக்காதீர்கள். நம் எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கிற சீரீஸ் லேம்ப் போதும். 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. உதவாது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து காட்டிக்கொடுக்கும், செட்டு பிழைக்கும்.

பாகங்களை எங்கே தேடுவது? சென்னையில் ரிச்சி தெரு இருக்கிறது. 1985-இல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் தேடியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஆனால் என் அனுபவத்தில், நல்ல பாகங்கள் கிடைப்பது நம் பரண்களில்தான். பழைய மைக்செட் கடைக்காரர்களின் பின்கட்டில். மூடிப்போன டூரிங் டாக்கீஸ்காரர் வீட்டில். பழைய கறுப்பு வெள்ளை டி.வி.க்குள் பி எழுத்து வால்வுகளோடு நல்ல சாக்கெட்டுகளும் கிடைக்கும்.

ஒன்றைக் கவலையோடு சொல்கிறேன். பாகத்துக்காக நல்ல செட்டைப் பிரிக்கிற பழக்கம் பரவிவருகிறது. இரண்டு வால்வுக்காக, ஒரு ஸ்பீக்கருக்காக, பிழைக்கக்கூடிய ரேடியோவைச் சிதைத்துவிடுகிறார்கள். பெட்டி முழுதாக இருக்கிறது, டயல் இருக்கிறது, காயில்கள் இருக்கின்றன என்றால் அது நோயாளி. அதைப் பிரேதம் என்று நினைத்துக் கத்தியை எடுக்கலாமா? கரையான் அரித்து, சேசிஸ் துருப்பிடித்து, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போனதை மட்டும் பிரியுங்கள். பிரிக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சீட்டைக் கட்டுங்கள். எந்தச் செட்டு, எந்த இடம், அளந்தபோது என்ன காட்டியது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். சீட்டில்லாத பாகம் உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்குக் குப்பை. சீட்டுள்ள பாகத்தை அவர்கள் யோசித்துத்தான் தொடுவார்கள்.

இந்தச் செட்டுக்கு வருகிறேன். பின்மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன், முன்வரிசையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஈ.எல்.84, ஈ.இசட்.80. மேலே ஈ.எம்.80 மேஜிக் ஐ. அந்த ஈ.எல்.84-இன் கழுத்தில் கட்டியிருந்த சீட்டை இப்போதுதான் அவிழ்த்தேன். என் ஆசிரியரின் கையெழுத்து. நீல மை பழுப்பாகிவிட்டது. ‘மைக்செட்டிலிருந்து. நல்லது. வைத்திரு’ என்று எழுதியிருக்கிறார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயிற்று. நானும் வைத்திருந்தேன். போன மாதம்தான் இதற்கு ஒரு வேலை வந்தது.

தம்பி, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துப்பா. விளக்கையும் ஒன்று இரண்டு அணைத்துவிடு. சுவிட்சைப் போடுகிறேன். உடனே பாடாது, வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். டயலை 936-க்கு அருகில் வைக்கிறேன். மேலே அந்தச் சின்ன ஜன்னலைப் பாருங்கள். பச்சை படர்கிறது.